மெதுவாக ஓடுவதா, நடந்து நடந்து ஓடுவதா, விரட்டி ஓடுவதா?

பத்து கிலோமீட்டரை எப்படியோ ஓடி முடித்துவிட்டவர்களுக்கு அடுத்த குழப்பம் 21.1, அதாவது ஹாஃப் மாரத்தான். ஓட்டக் குழுவில் மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். "இதயத்துடிப்பைப் பார்த்து மெதுவா ஓடுங்க." "நடுநடுவே நடங்க." மூன்றாமவர் கல்லூரி நாளில் ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கியவராக இருப்பார்: "கிரவுண்டுக்கு வாங்க, 400 மீட்டர் போடுவோம்." மூன்றையும் சென்னையில், 42 வயதில், ஒன்பது மணி அலுவலகத்தோடு முயன்று பார்த்தேன்.

முதலாவது அமெரிக்கப் பயிற்சியாளர் ஃபில் மாஃபெட்டோன் சொன்ன கணக்கு. 180-இலிருந்து வயதைக் கழியுங்கள். எனக்கு 138. நிமிடத்துக்கு இதயத்துடிப்பு அதைத் தாண்டாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலன் இவரிடம் பயின்றவர், அதனால் லேசில் தள்ளிவிட முடியாது. டிசம்பர், ஜனவரியில் எனக்கும் நன்றாகவே வேலை செய்தது. மூச்சு வாங்காமல் ஓடுவது என்றால் என்னவென்றே அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரலில் எல்லாம் தலைகீழ். காலை ஐந்தரைக்கே பெசன்ட் நகரில் சட்டையைப் பிழியலாம். உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது, இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது. அதே வேகம்தான், ஆனால் ஆறாவது கிலோமீட்டரில் 150. கணக்கை மதித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததில், காதில் ரேடியோ வைத்தபடி நடந்துபோன பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்.

கையில் கட்டும் வாட்சை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாள் மெதுவோட்டத்தில் 168 என்று காட்டியது. நின்று கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணினேன்: 34. அதாவது 136. வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு என் காலடியை எண்ணிக்கொண்டிருந்தது! நெஞ்சில் கட்டும் பட்டை இதைவிட மேல். அதுவும் இல்லையென்றால், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், போதும்.

இரண்டாவது ஜெஃப் கேலோவே வழி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், நம்மைப் போன்றவர்களுக்குச் சொன்னது நடக்கத்தான். களைத்த பிறகு நடப்பதல்ல இது. முதல் கிலோமீட்டரிலிருந்தே, தெம்பாக இருக்கும்போதே, நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. கௌரவம்தான் இடிக்கும். எனக்கும் இடித்தது. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தில் ஓடி, 10 நிமிட வேகத்தில் நடந்தால் சராசரி 7:27. ஹாஃப் மாரத்தான் 2 மணி 37 நிமிடம். நடக்காமல் 14 கிலோமீட்டரை 7 நிமிட வேகத்திலேயே ஓடி, மிச்சத்தை 8:30-இல் இழுத்துக்கொண்டு வந்தால்? 2 மணி 38. நான் வழக்கமாக இழுத்துக்கொண்டுதான் வருவேன்! ஆக நேரத்தில் நஷ்டமில்லை, திங்கட்கிழமை மாடிப்படி இறங்கவும் முடிகிறது. தண்ணீர் குடிக்கவும் அந்த ஒரு நிமிடம் உதவும். பந்தயத்தில் மட்டும் கூட்டத்துக்கு நடுவே சட்டென்று நிற்காதீர்கள். கையைத் தூக்கிக் காட்டி ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

மூன்றாவது, விரட்டல். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் ஸாட்டோபெக் 400 மீட்டர்களை அடுக்கடுக்காக ஓடிப் பழகியவர். ஆனால் அவருக்கு இருந்த அஸ்திவாரம் நமக்கு ஏது? நியூஸிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் வரிசையை மாற்றவே விடமாட்டார்: முதலில் மாதக்கணக்கில் நெடுந்தூரம், பிறகு மேடேறி ஓடுவது, கடைசியில்தான் டிராக். அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர்காரர், அவரையே வாரம் 100 மைல் ஓட வைத்தார். நான் அஸ்திவாரம் இல்லாமல் வாரம் இரண்டு நாள் டிராக்கில் இறங்கினேன். மூன்றாவது வாரம் முன்னங்கால் எலும்பில் வலி, இரண்டு வாரம் வீட்டில்.

இருந்தாலும் இந்த வழிக்கு ஒரு தனி வரவு உண்டு. வேகமாக ஓடும்போது கால் எட்டிப்போய் விழாமல் உடம்புக்கு அடியில் விழப் பழகுகிறது. மெதுவோட்டம் இதைச் சொல்லித் தராது, காலை இழுக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். நிமிடத்துக்கு 180 காலடி என்று எல்லாரும் சொல்வது, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் முன்னணி வீரர்களின் காலடிகளை எண்ணியதிலிருந்து வந்தது. அது அவர்கள் பந்தய வேகம். உங்களுடையது 160 என்றால் 168-க்கு முயலுங்கள், முழங்காலில் விழும் பாரம் அதிலேயே குறையும். தரையில் முதலில் பட வேண்டியது குதிகாலா முன்பாதமா என்ற சண்டையில் நான் இல்லை.

சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரியில். அப்படியென்றால் பயிற்சியில் பாதி ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில். அதனால் என் ஓட்டு கேலோவேக்குத்தான், நீண்ட ஓட்டத்துக்கு மட்டும். வார நாள் மெதுவோட்டத்தில் 138-ஐக் கிட்டத்தட்ட மதிக்கிறேன், துல்லியமாக அல்ல. டிராக் பக்கம் போகாமல், மெதுவோட்டத்தின் கடைசியில் 20 நொடி விரட்டல் ஆறு. குளிர் வந்ததும் வாரம் ஒரு நாள் 400 மீட்டர்களைத் திரும்பத் தொடங்கலாம்.

இந்த ஞாயிறு 16 கிலோமீட்டர், நாலுக்கு ஒன்று. பாதி வழியில், திருவான்மியூரில் நண்பர் வீட்டு கேட்டில் உப்புப் போட்ட மோர் பாட்டில் தொங்கும்.