திறக்காத என்ஜினுக்கு ₹18,400: டைமிங் பெல்ட் மாற்றியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சேலத்தில் புறவழிச்சாலையை ஒட்டியுள்ள ஒரு பட்டறையில், என் மாருதி 800 காரின் கிராங்க் பேரிங்குகளை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்குபவை) மாற்றியதாகச் சொல்லி என்னிடம் ₹18,400 வாங்கினார்கள். உண்மையில் அந்த என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக்கூட அவர்கள் கழற்றவில்லை. கிராங்கையும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றிவிட்டு, அதன் பிறகு கேட்கும் புதுச் சத்தத்தால் கலங்கி நிற்பவர்கள் இதே வலையில் சிக்கக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

பெல்ட்டையும், அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரையும் நானே மாற்றினேன். கேம் புல்லி, கிராங்க் புல்லி இரண்டின் குறிகளையும் பொருத்தி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேருக்கு நேர் வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் பெல்ட்டின் மேல் வரும் டைமிங் கவரை மூடினேன். கவரின் போல்ட்டுகள் பிறகு தளர்கின்றனவா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் கவர்வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். இந்தப் பழக்கம்தான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

ஐடிலிங் சீராக இருந்தது, பிக்கப்பிலும் குறையில்லை. ஆனால் சுமார் 300 கிலோமீட்டர் ஓடியதும் டைமிங் கவர் பக்கத்திலிருந்து கரகரவென்று ஓர் இரைச்சல் தொடங்கி, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அதனுடனேயே ஏறியது. அவசரமாக வெளியூர் செல்ல வேண்டியிருந்ததால், நானே ஆராயாமல் காரை அந்தப் பட்டறையில் விட்டேன். தலைமை மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இரண்டடி தள்ளி நின்று அரை நிமிடம் கேட்டுவிட்டு, "சார், இது பெல்ட் சத்தமே இல்ல. கிராங்க் பேரிங் போயிடுச்சு. நீங்களே கை வச்சதுதான் காரணம்" என்றார். நானே கை வைத்தேன் என்ற குற்ற உணர்வு எனக்குள் ஏற்கெனவே இருந்தது. அவர் அதைத் தொட்டதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. எழுத்தில் எஸ்டிமேட் கேட்காமல் ₹8,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

கிராங்க் பேரிங் தேய்ந்தால் அது கரகரக்காது. மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் "டொக் டொக்" என்று கனமாகத் தட்டும். என்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்குவதும் உண்டு. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் "உய்ங்" என்ற கூவல் கேட்கும். தளர்வாக இருந்தால் பெல்ட் கவரில் பட்டுப் படபடக்கும். பெல்ட் புல்லியில் ஒரு பல் தப்பியிருந்தால் சத்தத்தைவிட இழுவைக் குறைவும் கரடுமுரடான ஐடிலிங்கும்தான் முதலில் தெரியும். வேகத்தோடு ஏறி இறங்கும் கரகரப்பு பெரும்பாலும் டென்ஷனர், ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஏதோ ஒரு பேரிங்கிலிருந்து வருவது. இதைப் பிரித்தறிய ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட்டிப் பார்த்தால் போதும். மாருதி 800-இல் வாட்டர் பம்ப் அந்த ஃபேன் பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஆல்டர்நேட்டரிலோ வாட்டர் பம்ப்பிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் டைமிங் கவருக்குள் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. பட்டறையில் யாரும் இதைச் செய்யவில்லை, நானும் செய்யச் சொல்லவில்லை.

நான்காம் நாள் மீதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தேன். சத்தம் போயிருந்தது, மகிழ்ச்சியாகவே வீடு வந்தேன். மறுநாள் காலை ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டது: ஆயில் பழைய கறுப்பாகவே இருந்தது. கிராங்க் பேரிங்கை மாற்ற, ஆயிலை வடித்துச் சம்ப்பைக் கழற்றாமல் வழியே இல்லை. பில்லிலோ ஆயிலுக்கென்று ஒரு வரிகூட இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சம்ப் போல்ட்டுகளின் மேல் பல ஆண்டுப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகிப்போய் அப்படியே இருந்தன. ஒன்றில்கூட ஸ்பானர் பட்ட தடம் இல்லை. டைமிங் கவர் போல்ட்டுகளில் மட்டும் என் வெள்ளைக் கோடுகள் விலகியிருந்தன. கவரைத் திறந்தால் உள்ளே புதிய டென்ஷனர். அவர்கள் செய்த ஒரே வேலை அதுதான். அதே டென்ஷனரை நான் ₹650-க்கு வாங்கியிருந்தேன்.

மாற்றிய பழைய பாகங்கள் என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தவற்றை அப்போதுதான் எண்ணினேன். ஒரே அளவில் பத்து அரைவட்ட பேரிங் ஓடுகள். மாருதி 800-இன் 796 சிசி என்ஜினுக்கு மூன்று சிலிண்டர், அதனால் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் நான்கு, ஒன்றுக்கு இரண்டாக ஓடுகள் எட்டு. பத்து ஓடுகள் ஐந்து மெயின் பேரிங் கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு உரியவை. வேறு யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றியதை என்னுடையது என்று என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் ஏமாற்று உதிரிபாகக் கடையிலேயே நடந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நான் வாங்கிய டென்ஷனர் 300 கிலோமீட்டரில் போனதற்கு அது போலி என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெட்டி அசல் போலவே இருந்தது. ஆனால் எழுத்து மங்கலாக இருந்தது, விலைச் சீட்டின் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது. விரலால் சுற்றியபோது தடையே இல்லாமல் நெடுநேரம் சுற்றியதை நல்ல பேரிங்கின் அடையாளம் என்று நினைத்தேன். உண்மை அதற்கு நேர்மாறு: கிரீஸ் நிறைந்த புதுப் பேரிங் மெல்லிய தடையோடு வழுவழுப்பாகத் திரும்பி உடனே நிற்கும். பில் வாங்காததால் கடைக்காரர் தாம் விற்கவே இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

பட்டறையில் போய்க் கேட்டதற்கு, "எல்லாம் மாத்தியாச்சு சார், வேணும்னா கேஸ் போட்டுக்குங்க" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் பதிவு செய்தேன். பட்டறைக்காரர்கள் அதற்கும் பதிலளிக்காததால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், சம்ப் போல்ட்டுகளின் படங்கள், விலகிய வெள்ளைக் கோடுகளின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்துள்ளேன். அந்தப் பத்து ஓடுகளையும் துடைக்காமல், கொடுத்த பையிலேயே வைத்திருக்கிறேன்.