காங்கிரஸ்.கவ்: மசோதா தேட இது போதும்

ஹூஸ்டனில் எரிவாயுக் குழாய்களில் கசிவு பார்ப்பது என் வேலை. அளவுக்கு மீறி மீத்தேன் வாயுவைக் கசியவிடும் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் கட்ட வேண்டிய மீத்தேன் கட்டணத்தை 2025-இல் நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டதாக ஆபீஸில் ஒரே பேச்சு. வாட்ஸ்அப்பை நம்பாமல் இந்தத் தளத்தைத் திறந்தேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்துவது. இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை.

தேடல் பெட்டியில் எச்.ஜே.ரெஸ். 35 என்று, அதாவது ஆபீஸில் பேசிய அந்த ரத்துத் தீர்மானத்தின் எண்ணைத் தட்டினால் போதும். தீர்மானத்தின் வாசகம் ஒரே வாக்கியம்தான்! என் மளிகைச் சீட்டு அதைவிட நீளம். கீழ்ச்சபையில் 220-206, செனட்டில் 52-47, மார்ச் 14 அன்று டிரம்ப் கையெழுத்து. எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது.

ஆனால் நிதானமாகப் படிக்க வேண்டும். ரத்தானது சுற்றுச்சூழல் முகமை 2024-இல் எழுதிய வசூல் விதி மட்டுமே. டன்னுக்கு 900 டாலரில் தொடங்கும் கட்டணம் 2022 சட்டத்தில் அப்படியே நின்றது. அதை 2034-க்குத் தள்ளிப்போட ஜூலையில் இன்னொரு சட்டம் வந்தது. அப்புறம், பழசும் கிடைக்கிறது: 2017-இல் அரசு நிலங்களின் மீத்தேன் விதியை நீக்கும் முயற்சி செனட்டில் 49-51 எனத் தோற்றது. குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் தன் கட்சிக்கு எதிராக வாக்களித்த நாள் அது.

மின்னஞ்சல் அறிவிப்பும் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்துக்கு நாலரை. சட்ட ஆங்கிலத்துக்கு ஒரு டம்ளர் காபி தேவைப்படுகிறது, அந்த அரை அதற்கு.