கேட்டால் பார்ப்பதா, கேட்காமலே பார்ப்பதா: டி.ஆர்.எஸ்., வி.ஏ.ஆர். ஓர் அலசல்

2019 ஆகஸ்டில் லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆஷஸ் டெஸ்டில், இங்கிலாந்தின் வெற்றிக்கு இரண்டே ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, நேத்தன் லயன் வீசிய பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. நடுவர் ஜோயல் வில்சன் விரலை உயர்த்தவில்லை, அதாவது அவுட் தரவில்லை. பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று திரை பின்னர் காட்டியது; ஆனால் களநடுவரின் தீர்ப்பை எதிர்த்துத் திரையில் பார்க்கச் சொல்லும் டி.ஆர்.எஸ். முறையில், ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூ (முறையிடும் வாய்ப்பு) மிச்சமில்லை. கடைசி ரிவ்யூவை, முந்தைய ஓவரில் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதால் அவுட்டாக வாய்ப்பே இல்லாத ஒரு பந்துக்காகக் கேப்டன் டிம் பெய்ன் செலவழித்திருந்தார். இங்கிலாந்து ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

இனி கால்பந்து. 2023 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டத்தில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குத் துணை நடுவர் ஆஃப்சைடு (பந்து தரப்பட்ட நொடியில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைத் தாண்டி நிற்பது) என்று கொடி காட்டினார். வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர் அறையில் இருந்தவர் படத்தைப் பார்த்து, ஆஃப்சைடு இல்லை என்பதைச் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் களத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று தவறாக எண்ணியதால், சரிபார்த்தாயிற்று என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால், விதிப்படி அதைத் திருத்தவும் முடியவில்லை. லிவர்பூல் 2-1 என்ற கணக்கில் தோற்றது.

இரண்டுமே தவறாக முடிந்த தீர்ப்புகள். ஆனால் ஹெடிங்லியில் தோற்ற அணிக்குத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கையில் இருந்தது. அதை வீணடித்தது அந்த அணியேதான். லிவர்பூல் வீரர்களுக்கோ ஒரு சொல் கேட்கும் உரிமைகூட இருக்கவில்லை. கிரிக்கெட்டின் முறை கால்பந்தின் முறையைவிட நியாயமானது என்று நான் கருதுவதற்கு முதன்மையான காரணம் இந்த வேறுபாடுதான்.

2008இல் இந்தியா, இலங்கை டெஸ்ட் தொடரில் சோதனையாகத் தொடங்கிய டி.ஆர்.எஸ்., பெரும்பாலும் ஆடுபவர் கேட்டால்தான் விழித்துக்கொள்ளும். கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தரப்படும் அந்தப் பதினைந்து விநாடிகளைக் கவனித்துப் பாருங்கள். பந்துவீச்சாளர் அவுட் என்று உறுதியாகச் சொல்கிறார். விக்கெட் கீப்பர் உதட்டைப் பிதுக்குகிறார். மட்டையாளருக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் நிற்பவர் மட்டையில் ஏதோ சத்தம் கேட்டது என்கிறார். மூவரில் யாரை நம்புவது என்று கேப்டன் முடிவெடுத்தாக வேண்டும். தொழில்நுட்பம் இங்கே ஆட்டத்தின் ஒரு திறமையாகவே மாறிவிட்டது. நிதானமும் நேர்மையும் உள்ள அணிக்குப் பலன் கிடைக்கிறது, ஆசைப்பட்டுக் கேட்கும் அணி விலை கொடுக்கிறது.

2018 மார்ச்சில் கால்பந்து விதிகளுக்குள் வந்து, அதே ஆண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் பயன்பட்ட வி.ஏ.ஆர்., யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் (தவறான வீரருக்கு அட்டை காட்டுவது) ஆகிய நான்கில்தான் தலையிடலாம் என்று தொடக்கத்தில் வகுத்தார்கள். அதுவும் தெளிவான, வெளிப்படையான பிழையாக இருக்க வேண்டும் என்பது விதி. தெளிவான பிழை எது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்க, கோல் அடித்தவர் மூலைக் கொடியை நோக்கி நான்கு அடி ஓடிவிட்டு, நடுவர் காதில் விரல் வைத்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறார். கால்பந்தில் கோல் எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த முதல் விநாடியின் மகிழ்ச்சி பறிபோவது எத்தனை பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

கிரிக்கெட் ரசிகர்கள் பலர் வெறுக்கும் ‘அம்பயர்ஸ் கால்’ முறையையும் நான் மனமார ஆதரிக்கிறேன். ஸ்டம்பை நோக்கிப் போகும் பந்தைக் கால் தடுத்தால் அவுட் என்னும் எல்.பி.டபிள்யூ. விதியில், காலில் பட்ட பிறகு பந்து போகும் பாதை கணிப்புதானே தவிர, நடந்த நிகழ்வு அல்ல. கணிப்பில் பிழைக்கு இடமுண்டு என்பதால், பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் படும் என்று திரை காட்டினால், களநடுவர் சொன்னதே நிற்கிறது. 2017 முதல் அப்படிப்பட்ட தீர்ப்பில் ரிவ்யூவும் பறிபோவதில்லை. கருவியின் எல்லையைக் கருவியே ஒப்புக்கொள்ளும் இந்த நாணயம் ஆஃப்சைடு கோட்டில் இல்லை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் பன்னிரண்டு கேமராக்களும் பந்துக்குள் ஓர் உணரியும் வைத்து அளந்தார்கள். அளவீடு துல்லியமானதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாக்குபவருக்கு எந்த ஆதாயமும் தராத ஒரு தோள்முனைக்காகக் கோலை ரத்துசெய்வது, அந்த விதி உருவானதன் நோக்கத்துக்கே முரணானது.

வெளிப்படைத்தன்மையிலும் கிரிக்கெட்தான் முன்னே நிற்கிறது. மூன்றாவது நடுவர் பேசுவதைத் தொலைக்காட்சியில் அப்போதே கேட்கலாம். மட்டையில் பட்டதா, எங்கே குத்தியது என்று அவர் படிப்படியாகப் போவதால், தீர்ப்பு பிடிக்காதவருக்கும் காரணம் புரிகிறது. டியாஸ் கோல் விவகாரத்தில் அறைக்குள் நடந்த உரையாடல் வெளிவரச் சில நாட்கள் ஆயின. 2023 முதல் சில போட்டிகளில் இறுதித் தீர்ப்பையாவது நடுவர் ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்க மாற்றம்.

கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் ஓர் இடைவெளி உண்டு, கால்பந்து நில்லாமல் ஓடும் ஆட்டம், அதனால் முறையிடும் உரிமை அங்கே பொருந்தாது என்று சொல்வார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 2024இல் கொலம்பியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை என் எண்ணத்தை மாற்றியது. அங்கே வி.ஏ.ஆர். அறை இல்லை. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆட்டத்துக்கு இரண்டு முறையீடுகள். கேட்டால் களநடுவரே ஓரத்துத் திரையில் பார்த்து முடிவு சொல்கிறார். முறையீடு வென்றால் அது கையிலேயே இருக்கும். ஆட்டம் அதனால் சிதைந்துவிடவில்லை.

பெரிய போட்டிகளிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆஃப்சைடு அளவீட்டை, நியாயமான ஒரு பிழை இடைவெளியுடன், கருவியிடமே விட்டுவிடலாம். பெனால்டியையும் சிவப்பு அட்டையையும் பயிற்சியாளர் கேட்டால் மட்டும் பார்த்தால் போதும். இரண்டு வாய்ப்பையும் முதல் பாதியிலேயே தீர்த்துவிட்டு, தொண்ணூறாவது நிமிடத்தில் உண்மையான பெனால்டி ஒன்றை இழக்கும் அணி நிச்சயம் வரும். அந்தத் தோல்விக்கு அந்த அணியே பொறுப்பேற்கட்டும்.