லூசியானாவா, ஃபுளோரிடாவா? எல்லை எழுதாத பத்திரமும் எழுதிய பத்திரமும்

அமெரிக்கக் குடியரசு நிலம் சேர்த்த கதைக்கு என் வகுப்பில் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். அதில் ஓர் ஒப்பந்தத்தைத்தான் விரிவாக நடத்த முடியும். 1803-இல் பிரான்ஸிடம் லூசியானாவை வாங்கியதா, 1819-இல் ஸ்பெயினிடம் ஃபுளோரிடாவைப் பெற்ற ஆடம்ஸ்-ஓனிஸ் ஒப்பந்தமா? பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். நான் இரண்டாவதை எடுத்தேன்.

விலையில் லூசியானாவுக்கு நிகரில்லை. ஏறத்தாழ 8,28,000 சதுர மைல், 1.5 கோடி டாலர், ஏக்கருக்குச் சுமார் 3 சென்ட். நியூ ஆர்லியன்ஸையும் ஃபுளோரிடாவையும் கேட்கப் போனவர்களிடம் நெப்போலியன் மொத்தத்தையும் தள்ளிவிட்டார். இன்றைய ஹைட்டியில் அடிமைகளாக இருந்தவர்களின் எழுச்சியும் மஞ்சள் காய்ச்சலும் அவர் படையை விழுங்கியிருந்தன. சரி, இது தெரிந்த கதை.

என்னை மாற்றியது நான்கெல்லைதான். நிலம் வாங்குகிறவர் பத்திரத்தில் முதலில் பார்ப்பது அதை. 1803 ஒப்பந்தத்தில் அது இல்லை. ஸ்பெயின் கையில் இப்போது உள்ள பரப்பு, முன்பு பிரான்ஸ் கையில் இருந்த பரப்பு என்று பழைய வாசகத்தைத் திருப்பி எழுதியதோடு சரி. எல்லை எது என்று அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டன் கேட்டபோது பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டாலிராண்ட் பிடிகொடுக்கவில்லை. நல்ல பேரம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் அனுப்பிவிட்டார். போதாக்குறைக்கு வில்லங்கமும் இருந்தது: ஸ்பெயினிடமிருந்து லூசியானாவைத் திரும்பப் பெற்றபோது, வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஸ்பெயினுக்குப் பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது.

விளைவு உடனே தெரிந்தது. மேற்கு ஃபுளோரிடாவும் இதில் அடக்கம் என்றது அமெரிக்கா, இல்லை என்றது ஸ்பெயின். 1806-இல், இன்றைய டெக்சாஸுக்கும் லூசியானாவுக்கும் இடையே ஓடும் சபைன் நதி ஓரம் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றன. கடைசியில் தளபதிகளே பேசி ஒரு நிலப்பட்டையை யாருக்கும் இல்லாததாக விட்டார்கள். கொள்ளையர்களுக்கும் தப்பி வந்தவர்களுக்கும் அது நல்ல ஒதுங்கிடமாயிற்று.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது 1819 ஒப்பந்தம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸும் ஸ்பெயினின் தூதர் லூயிஸ் டி ஓனிஸும் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசினார்கள். சபைனின் மேற்குக் கரை, ரெட் நதியின் தென்கரை, ஆர்கன்சாஸ் நதி, பிறகு வட அட்சரேகை 42-ஆம் பாகை வழியாகப் பசிபிக் கடல் வரை என்று கோடு போட்டார்கள். நதி என்று மொட்டையாக விடாமல் எந்தக் கரை என்றே எழுதியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. செலவு 50 லட்சம் டாலர் வரை. அதில் ஒரு காசுகூட ஸ்பெயினுக்குப் போகவில்லை. அமெரிக்கர்கள் ஸ்பெயினிடம் கேட்டுவந்த இழப்பீட்டை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

நேர்வழியில் வந்த சொத்து என்று சொல்ல மாட்டேன். 1818-இல் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஃபுளோரிடாவுக்குள் புகுந்து கோட்டைகளைப் பிடித்தார். அமைச்சரவையில் அவருக்காகப் பேசியவர் ஆடம்ஸ் ஒருவரே. கோட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒழுங்காக ஆளுங்கள் அல்லது எங்களிடம் விடுங்கள் என்று ஸ்பெயினை நெருக்கினார். பதிலுக்கு டெக்சாஸ் மீதான உரிமையைக் கைவிட்டார். அந்தப் பழி அவரை விடவில்லை. எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது, படித்ததெல்லாம் அமெரிக்கத் தரப்பு. அதனால் ஓனிஸின் சாமர்த்தியத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம். இரண்டு பேரத்திலும் அந்த மண்ணில் வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. செமினோல் மக்கள் 1835 முதல் 1842 வரை மீண்டும் போரிட வேண்டியிருந்தது.

எழுதிய எல்லையும் வழக்கில்லாமல் போகவில்லை. ரெட் நதிப் படுகையில் எண்ணெய் கிடைத்ததும் டெக்சாஸும் ஒக்லஹோமாவும் உச்ச நீதிமன்றம் போயின. 1920-களில் நீதிபதிகள் எடுத்துப் பார்த்ததும் இதே 1819 ஒப்பந்தத்தைத்தான். தென்கரை என்று அதில் இருந்தது.

அன்று வகுப்பில் அட்லஸைக் கொடுத்து, கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா மூன்றின் வடக்கு விளிம்பிலும் ஸ்கேலை வைக்கச் சொன்னேன். மூன்றும் 42-ஆம் பாகையில் நின்றன.