உட்கார்ந்து எழுந்தாலும் நகராத கவசம்: சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் ஒரு பை பழுதுபார்க்கும் கடை

சமூக மன்ற மேடையில் சோழப் படைத்தலைவராக நின்றவரின் வலது தொடைக்கவசம், வசனத்தின் நடுவில் முழங்காலுக்கு இறங்கி, அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் பாதத்தின் மேல் வந்து விழுந்தது. கவசத்துக்கு வார் கட்டுவது தனி வேலை என்பது எங்கள் நாடகக் குழுவுக்கு அன்றுதான் உறைத்தது. அதுவரை அது என் பொறுப்பில் இருந்தது. இவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற, எடை குறைந்த பிளாஸ்டிக் தாளை வெட்டவும், சூடான காற்றை ஊதும் சூட்டுத் துப்பாக்கியால் வாட்டி வளைக்கவும், பித்தளை நிறம் பூசவும் எனக்குத் தெரியும். ஆனால், பூசி முடித்த கவசத்தை ஒருவரின் உடம்பில் இரண்டு மணி நேரம் நிற்க வைப்பதற்கு நான் அறிந்திருந்த ஒரே வழி, முதுகில் பசையோடு வரும் வெல்க்ரோவை ஒட்டுவது. அது உரிந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் ஒட்டுவது.

அதன் பிறகு நான்கு பேருக்கான கவசங்களையும் இரண்டு பெரிய பைகளில் போட்டுக்கொண்டு, உபியில் ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் இருக்கும் பை பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை நடத்தும் பெண்மணி தனியாளாக வேலை செய்கிறார். முதுகுப்பைகளும் பயணப் பெட்டிகளும்தான் அவருடைய பிழைப்பு, வேடக் கவசம் இடையிடையே வருவது, ஆட்கள் திரண்டு வந்தால் தாங்காது என்று அவரே கேட்டுக்கொண்டார். தேடிப் போக விரும்புபவர்களுக்கு மேடை நாடகக்காரர்களோ, கதாபாத்திரங்களைப்போல் வேடமிட்டு காஸ்பிளே செய்பவர்களோ வழி சொல்வார்கள்.

முதல் நாள் அவர் வார் எதையும் தொடவில்லை. எங்கள் படைத்தலைவருக்கு மார்புக்கவசத்தை மாட்டிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அண்ணே, நின்னுக்கிட்டே அளந்தா அளவு பொய்யாத்தான் வரும்" என்றார். அண்ணன் உட்கார்ந்ததும் கவசத்தின் கீழ்விளிம்பு தொடையில் இடித்து, முழுத் தகடும் மேலே ஏறி, கழுத்து விளிம்பு தாடையில் முட்டியது. இதை நான் ஒத்திகையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பக்கவாட்டு வாரை இன்னும் இறுக்கியிருக்கிறேன். அவர் தையல் சாக்குக்கட்டியால் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இருந்த மூன்று சென்டிமீட்டரையும் வெட்டி எடுத்துவிட்டு வரச் சொன்னார். கோளாறு வாரில் இல்லை, தகட்டின் நீளத்தில் இருந்தது. வாருக்காகப் பணம் வாங்கும் ஒருவர் அதை முதல் நாளே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய வேலையின் அடிப்படை, கவசத்தை உடம்போடு இறுக்குவதில்லை, எதிலாவது தொங்கவிடுவது. தொடை மேலே பருத்துக் கீழே சிறுத்த கூம்பு என்பதால், அதைச் சுற்றி எத்தனை வார் போட்டு எவ்வளவு இறுக்கினாலும், நடக்க நடக்க அது கீழேதான் போகும். ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப்போவதுதான் மிச்சம். அவர் 50 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு இடுப்புப் பட்டையைத் தனியாகத் தைத்து, ஒவ்வொரு தொடைக்கவசத்தையும் அதிலிருந்து இரண்டு நைலான் வார்களால் தொங்கவிட்டார். தொடைக்குப் பின்னால் ஒரு எலாஸ்டிக் நாடா போகிறது. அதன் வேலை கவசம் வெளிப்பக்கமாக ஆடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே, எடையை அது தாங்குவதில்லை.

இதைக் கேட்டபோது என் தாய்மாமாவின் நினைவு வந்தது. பல ஆண்டுகள் தைப்பூசத்துக்கு அலகுக் காவடி எடுத்தவர் அவர். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும் என்பதால், காவடி கட்டும்போதே சட்டம் இடுப்புப் பட்டையில் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். இடுப்பில் உட்காராத காவடி தோளைத் தின்றுவிடும் என்பது அவர் பேச்சு. முதுகுப்பை தைப்பவருக்கும் அதே கணக்குதான். பழைய ஐரோப்பிய வீரர்களும் இதைத்தான் செய்தார்கள்: சுமார் 20 கிலோ எடையுள்ள இரும்புக் கவசத்தைத் தாங்குவதற்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை ஒன்றை அணிந்து, கை கால் கவசங்களை அந்தச் சட்டையில் நாடாக்களால் முடிந்துகொண்டார்கள். எங்கள் ஃபோம் கவசம் முழுவதும் சேர்ந்து மூன்று கிலோகூட வராது. எடை குறைவு என்பதாலேயே நாங்கள் இதையெல்லாம் அலட்சியப்படுத்தியிருந்தோம்.

கெண்டைக்கால் கவசத்தில் அவர் செய்தது சிறிய மாற்றம்தான். நான் வாரைக் கெண்டைச் சதையின் பருத்த இடத்தில் போட்டிருந்தேன், அங்கேதான் பிடிப்பு இருக்கும் என்ற நம்பிக்கையில். பருத்த இடத்தில் போட்ட வார் சிறுத்த இடத்தைத் தேடிக் கணுக்காலுக்கு ஓடும். அவர் அதை இரண்டு விரற்கடை மேலே, முழங்காலுக்குக் கீழே ஒடுங்கும் இடத்துக்கு மாற்றினார். இப்போது சதையே அதற்கு முட்டுக்கட்டையாக நிற்கிறது. முன்கைக் கவசத்துக்கு இரண்டு எலாஸ்டிக் வளையங்களோடு வேலை முடிந்தது.

எங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருந்தது. கவசத்துக்கு அடியில் பட்டு வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டுகிறோம்; பட்டின் மேல் நைலான் பட்டை நிற்காது. இடுப்புப் பட்டையின் உட்புறத்தில், சமையலறை இழுப்பறைகளில் விரிக்கும் துளைத்துளையான ரப்பர் விரிப்பை நீளத் துண்டாக வெட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பட்டை ஒரு நூல்கூட நகரவில்லை. சோழர் படைவீரர்கள் இப்படி மார்புத் தகடும் தொடைத் தகடும் அணிந்தார்களா என்பது வேறு வழக்கு; அதை எங்கள் இயக்குநரிடம் கேட்டுக்கொள்ளவும்.

வெல்க்ரோவைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. பக்கவாட்டில் இழுக்கும்போது அது நன்றாகத் தாங்கும். ஒரு முனையிலிருந்து உரிக்கும்போது எளிதில் விட்டுக்கொடுக்கும். ஆகவே இழுவை வாரின் நீளத்தோடு வரும் இடத்தில் அதைத் தைத்துப் போடலாம், தகட்டின் விளிம்பில் பசையால் ஒட்டக் கூடாது. மேடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் காட்சியில் காயம்பட்ட வீரனின் கவசத்தைத் தோழன் கழற்றும் இடத்தில் அரங்கமே அமைதியாக இருக்கும்; போன முறை அந்த அமைதியில் "சர்ர்ர்" என்ற சத்தம் கேட்டு முன்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அந்தக் கவசத்துக்கு மட்டும் வெல்க்ரோவை எடுத்துவிட்டு பிரஸ் பட்டன்கள் வைத்துக் கொடுத்தார். மற்றவர்களின் விலாப்பக்கத்தில் முதுகுப்பையில் வரும் பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கின்றன. இருட்டில், வியர்த்த விரல்களால், யார் உதவியும் இல்லாமல் பூட்டலாம்.

குறை என்று பார்த்தால் தோள்கவசத்தைச் சொல்ல வேண்டும். அதன் மேல்முனை மார்புக்கவசத்தின் தோள்வாரோடு சேர்கிறது, கீழ்முனையைப் புஜத்தைச் சுற்றிய எலாஸ்டிக் பிடித்துக்கொள்கிறது. வாளை உயர்த்தும்போது தகடு கையோடு எழுந்து கையோடு இறங்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு சரியானதே. ஆனால் மேல்வாரின் முனையை ஃபோமின் உட்புறத்தில் பசையால் மட்டும் ஒட்டியிருந்தார். குளிரூட்டி இல்லாத ஒத்திகை அறையில், வியர்வையும் வெக்கையும் சேர்ந்து, இரண்டாம் நாளே நான்கில் மூன்று முனைகள் பெயர்ந்துவிட்டன. திரும்பக் கொண்டுபோனபோது காசு வாங்காமல் சரிசெய்தார்: ஃபோமின் வழவழப்பான மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்து, இரு பக்கமும் பசை தடவி, அது பிசுபிசுக்கும் வரை காத்திருந்து ஒட்டி, வார் முனையின் மேல் உள்ளங்கை அளவு ஃபோம் துண்டு ஒன்றையும் வைத்து மூடி, நடுவில் ஒரு ரிவெட் அடித்தார். ரிவெட் ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வராதபடி இரு புறமும் அகலமான வாஷர் போட்டார். இவ்வளவும் தெரிந்தவர் முதல் தடவையே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். ரிவெட்டின் தலை வெளியே தெரியும், நான் பூசிய வேலை கெட்டுவிடும் என்று தயங்கியதாகச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; கவசத்தில் ஆணித்தலை தெரிந்தால் அழகுதானே. அந்தத் தலைகளுக்கும் பித்தளை நிறம் பூசிவிட்டேன், வேண்டுமென்றே வைத்ததுபோல் இருக்கிறது.

இரண்டு வாரம் என்றவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்; பள்ளி விடுமுறைக்கு முன் பயணப் பெட்டிகள் குவிந்துவிடுமாம். ஒரு ஆளுக்கு 95 வெள்ளி வீதம் நான்கு பேருக்கு 380 வெள்ளி ஆனது. நாடா, கொக்கி, எலாஸ்டிக் எல்லாம் இதில் அடக்கம். நாமே வாங்கிச் செய்தால் மூன்றில் ஒரு பங்கில் முடியும் என்பது உண்மைதான், ஆனால் அந்த முக்காலியும் சாக்குக்கட்டியும் அதில் வராது. எல்லா வார்களின் முனைகளையும் நெருப்பில் காட்டி உருக்கி அடைத்திருந்தார். ஐந்து முறை மேடையேறியும் ஒரு பிசிறு இல்லை. வார்கள் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால் பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் உறுத்தும். நாங்கள் வெளியே தெரியும் இடங்களை அரக்கு நிறத் துணியால் சுற்றிக்கொண்டோம்.

போகிறவர்கள் கவசம் அணியப்போகும் ஆளையும், அடியில் உடுத்தும் துணியையும், போடும் செருப்பையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். ஆள் இல்லாமல் கவசத்தை மட்டும் கொடுத்தால் வாங்க மாட்டார். தலைக்கவசத்துக்கு வார் போடுவதில்லை. மூச்சுத் திணறினால் யார் பதில் சொல்வது என்கிறார். ஆகவே எங்கள் நான்கு தலைக்கவசங்களும் இன்னும் என் பொறுப்பில், பழைய வெல்க்ரோவோடுதான் இருக்கின்றன.