எலும்பு முறிவுக்குக் கையடக்க ஸ்கேன்: எதற்கு நம்பலாம்?

போனில் செருகிப் பார்க்கும் இந்த அல்ட்ராசவுண்டை, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாங்கினோம். இப்போது நான் அதை அதிகம் எடுப்பது எலும்புக்கு.

எலும்பின் மேற்பரப்பு திரையில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடாக வரும். அதற்குக் கீழே வெறும் கருநிழல். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ, எங்கே படிபோல் இறங்குகிறதோ, அங்கேதான் முறிவு. எந்த இடம் என்று தேடவே வேண்டாம், நோயாளியே விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

முழு மதிப்பெண் விலா எலும்புக்கு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்த ஒருவர், மூச்சை இழுத்தாலே குத்துகிறது என்று நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வலித்த விலாவின் நீளவாக்கில் ப்ரோபை, அதாவது தோலில் வைத்துப் பார்க்கும் கருவியை, வைத்தேன். கோட்டில் சின்னதாக ஒரு படி, அதையொட்டி மெல்லிய கறுப்புப் பட்டை: ரத்தக்கட்டு. திரையை அவர் பக்கம் திருப்பினேன். "அப்ப நான் நடிக்கல இல்ல, டாக்டர்?" என்றார். முறிந்த விலா குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று அறிய, ப்ரோபை எடுக்காமலே நுரையீரல் உறை மூச்சுக்கேற்ப வழுக்குகிறதா என்றும் பார்த்துவிட்டேன்.

குழந்தைகளின் மணிக்கட்டுக்கும் தாராளமாக நம்பலாம். 5 முதல் 15 வயது வரையுள்ள 270 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், முதலில் ஸ்கேன் பார்த்த பிள்ளைகளின் கை, முதலில் எக்ஸ்ரே எடுத்தவர்களுடையதைவிட மோசமாக இயங்கவில்லை. ஆனால் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி) இருக்கும் இடத்தில் கோடு இயல்பாகவே விட்டுத்தான் இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் அதையே முறிவு என்று சொல்லிவிடுவார்கள். அடிபடாத கையையும் வைத்து ஒப்பிடுங்கள்.

குறைகள்? தோலுக்கு வெகு அருகில் இருக்கும் எலும்பில் படம் மங்கல். ஜெல்லைக் குவித்து வைத்தால் தேவலை. விரல் என்றால் கையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி, ப்ரோப் தொடாமலே பார்க்கலாம், வலிக்காது. விடாமல் பார்த்தால் கருவி சூடாகிறது, சார்ஜும் சீக்கிரம் இறங்குகிறது. மூட்டின் உட்புறம் இதற்கு எட்டாது. எலும்பு எவ்வளவு கோணலாகியிருக்கிறது என்று அறுவை மருத்துவர் கேட்டால் எக்ஸ்ரேயைத்தான் நீட்ட வேண்டும்.

வாங்கலாம், எக்ஸ்ரே இருக்கும் இடத்தில். கையூன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடிக்குழியில் அழுத்தினால் வலி என்றால், ஸ்கேனும் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தாலும் நான் கட்டுப் போட்டுத்தான் அனுப்புவேன்; அங்கே இருக்கும் சிறு மணிக்கட்டு எலும்பின் முறிவு முதலில் எதிலும் தெரியாமல் போகலாம். 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே.