ஹெவன்ஸ்-அபவ்: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மாடியிலிருந்து விண்வெளிக் குப்பை பார்க்க ஓர் இலவசச் சேவை

எந்தச் செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் நம் தலைக்கு மேலே கடக்கும் என்று கணித்துச் சொல்லும் ஹெவன்ஸ்-அபவ் இணையத்தளத்தைப் பலரும் அனைத்துலக விண்வெளி நிலையத்தைப் பார்ப்பதற்காகவே திறக்கிறார்கள். விண்வெளிக் குப்பையைக் கண்ணால் காட்டுவதே அதன் பெரிய பயன் என்பது என் கருத்து.

ஒளிமிக்க செயற்கைக்கோள்களின் அன்றாடப் பட்டியலில் 'ஆர்/பி' என்று முடியும் பெயர்கள், வேலை முடிந்து கைவிடப்பட்ட ராக்கெட் அடுக்குகளைக் குறிக்கின்றன. அவற்றுள் 'எஸ்எல்-16' என்பவை சோவியத் காலத்தில் உருவான ஸெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 டன் எடையுடன், சுமார் 840 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், இயக்குவார் யாருமின்றிச் சுற்றுகின்றன. காற்றின் இழுவை அங்கே மிகக் குறைவு என்பதால் அவை தாமாக விழப் பல நூற்றாண்டுகள் ஆகலாம்.

முதலில் இருப்பிடத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் கணிப்பு வேறெங்கோ உள்ள வானத்துக்குரியதாகிவிடும். ஒளி மாசு மிகுந்த நாடு என்று 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று முதலிடம் தந்த ஊர் இது என்பதால், ஒளியளவு வரம்பை 3க்கு மேல் வைப்பதில் பயனில்லை (எண் குறையக் குறைய ஒளி கூடும்). நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் செங்குத்தாக இறங்குவதால் தாழ்ந்த சுற்றுப்பாதையில் உள்ளவை விரைவில் பூமியின் நிழலுக்குள் போய், கதிரொளி படாமல் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. மாலையில் ஏறக்குறைய 7.30 முதல் 9 மணி வரையிலான நேரமே ஏற்றது. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் போதும். மேகத்துக்கு மட்டும் மருந்தில்லை.

தளம் காட்டாததும் உண்டு. அது சார்ந்திருக்கும் கண்காணிப்புப் பட்டியலில் பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொருள்களே இடம்பெறுகின்றன. ஒரு செயற்கைக்கோளை முடக்க வல்ல, 1 சென்டிமீட்டரைவிடப் பெரிய துண்டுகளோ ஒரு மில்லியனுக்கும் மேல் என்று ஐரோப்பிய விண்வெளி முகவை மதிப்பிடுகிறது. ஏற்கெனவே செயலிழந்திருந்த காஸ்மாஸ்-2251 செயற்கைக்கோள் 2009 பிப்ரவரியில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம்-33 செயற்கைக்கோள் மீது மோதியபோது, கண்காணிக்கத்தக்க துண்டுகளே 2,000ஐத் தாண்டின. எஸ்எல்-16 போன்ற இரண்டு மோதினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். இரிடியம்-33இன் எடை ஒரு டன்கூட இல்லை.

சிங்கப்பூரின் டிஎஸ்-சார் செயற்கைக்கோளை 2023 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமந்து சென்ற பிஎஸ்எல்வி-சி56 ராக்கெட்டின் நான்காம் அடுக்கை இப்பட்டியலில் தேட வேண்டியதில்லை. அது விரைவில் எரிந்துவிடும்படி, பணி முடிந்ததும் அதைச் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்துக்கு இஸ்ரோ இறக்கிவிட்டது.